பதில் மணி

என் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து ஐந்து மணி நேரம் கிடந்தார். தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை அது நடந்தது. அந்த ஐந்து மணி நேரமும் நான் கல்பாக்கத்துக் கடற்கரையோரம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் உட்கார்ந்து, ஒரு குழாய்க்குள் தண்ணீர் ஓடுகிறதா இல்லையா என்று சொல்லும் கருவியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். இன்ஸ்ட்ருமென்டேஷன் பிரிவில் எனக்கு வேலை. சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பதை இந்தப் பக்கம் இருந்தபடியே தெரிந்துகொள்வதற்காகச் சம்பளம் வாங்குகிறவள். பெற்ற அப்பா முப்பது கிலோமீட்டர் தள்ளிச் செங்கல்பட்டில் ஈரத்தரையில் கிடந்தது மட்டும் எனக்குத் தெரியவில்லை. நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ரயில்வேயில் லெவல் கிராசிங் கேட்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு தன் வீட்டில் தனியாக இருந்தார். அன்றைக்கு அவரைக் கண்டுபிடித்தது எதிர்வீட்டு அக்கா. ரேஷன் கடைக்குப் போய்விட்டுத் திரும்பியவர், பிளாஸ்டிக் மக்கால் யாரோ கதவைத் தட்டும் சத்தத்தைக் கேட்டிருக்கிறார். கத்திக் கத்தி நைனாவுக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. கதவு வேறு உள்தாழ். தெருமுனையில் இருந்த சைக்கிள் கடைக்காரர் வந்து உடைத்தார். வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. நல்லவேளை, இடுப்பு தப்பியது.

கையில் மாவுக்கட்டோடு அவரை எங்கள் நிலையத்து ஊழியர் நகரியத்துக்கு அழைத்து வந்தேன். இரண்டாவது மாடிக் குடியிருப்பு. தண்ணீர், ஆஸ்பத்திரி, கடல்காற்று, எதற்கும் குறையில்லை. என் கணவர் தன் கட்டிலையே அவருக்குக் கொடுத்துவிட்டு ஹாலில் படுத்தார். நைனாவுக்கு மாடிப்படி இறங்கப் பயம், அதனால் பால்கனிதான் உலகம். எதிர் பால்கனியில் மதுரைக்காரர், பக்கத்தில் நாகர்கோவில்காரர், எல்லாரும் மரியாதையானவர்கள்.

"சௌக்கியமான்னு கேக்கறாங்கம்மா," என்றார் ஒருநாள். "நான் வாயத் தொறக்கறதுக்குள்ள பஸ் ஏறிப் பூட்றாங்க."

கட்டுப் பிரித்த அன்றைக்கே பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"நான் வூட்டுக்குப் போறேன்."

"இதுவும் வூடுதானே நைனா."

"இது உன் வூடு. ஒரு தபா வுழுந்ததுக்கு ஆயுள் தண்டனையா?"

எனக்குச் சுருக்கென்றது. அந்த வீடு அவருக்கு என்ன என்று எனக்குத் தெரியும். அவருடைய அப்பாவும் தாத்தாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள்; குடியிருந்த குடிசையும் அடுத்தவர் இடத்தில். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டா நைனா பெயரில் வாங்கியதுதான். கேட்டில் ஷிஃப்ட் முடிந்து வந்து, செங்கல்லை அவரே சுமந்து, இரண்டு அறை எழுப்பினார். அதைப் பூட்டிவிட்டு மகள் வீட்டில் வந்து உட்கார் என்று நான் சொன்னது அவருக்கு எப்படி இருந்திருக்கும்.

ஆனாலும் பயம் பயம்தான். கடைசியில் ஓர் ஒப்பந்தம் போட்டோம். அவர் போகலாம். ஆனால் இன்னொரு தடவை விழுந்து, யாருக்கும் தெரியாமல் கிடந்தால், அன்றைக்கே வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட வேண்டும். அதற்கப்புறம் பேச்சே கிடையாது. நைனா சரி என்றார்.

அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் அந்த வீட்டில் வேலை நடந்தது. குளியலறைக்கு வெளியிலிருந்தும் திறக்கிற தாழ்ப்பாள். சுவரில் பிடித்துக்கொள்ள இரும்புக் குழாய். வாசலில் கால் துடைக்கப் போட்டிருந்த கோணிச்சாக்கைத் தூக்கி எறிந்தேன். அது வழுக்குமா வழுக்காதா என்று அதற்கே தெரியாது. எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டதற்கு, "கால் கய்வினேன், வுழுந்தேன்" என்று முடித்துக்கொண்டார். கழுவிக் காட்டச் சொன்னேன். ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலால் அதன் மேல் தேய்த்து, பிறகு கால் மாற்றித் தேய்த்தார். நானும் அப்படித்தான் கழுவுகிறேன். நம் ஊரில் எல்லாருமே வெளியிலிருந்து வந்ததும் சோப்பு நுரையில் ஒற்றைக் காலில் நின்று அப்படித்தான் கழுவுகிறோம். எழுபத்தாறு வயதிலும் அப்படியே கழுவினால் விழாமல் என்ன செய்வார்? உட்கார்ந்து கழுவ, கொத்தனாரை வைத்து ஒரு சிமென்ட் மேடை கட்டினேன். நான் செய்தவற்றிலேயே உருப்படியான காரியம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அதில் எனக்குத் திருப்தியில்லை. சிமென்ட் மேடையை யார் வேண்டுமானாலும் கட்டுவார்கள். நான் கருவிக்காரி ஆயிற்றே.

வெளிநாட்டில் வயதானவர்கள் கழுத்தில் ஒரு பொத்தானைத் தொங்கவிட்டிருப்பார்கள், விழுந்தால் அமுக்குவார்கள் என்று ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். மயங்கி விழுந்தால் எப்படி அமுக்குவது? என்னுடையது அதைவிட ஒரு படி மேலாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு கம்பியில்லாத காலிங் பெல்லும், சாய்ந்தால் இணைப்புக் கொடுக்கிற மெர்க்குரி சுவிட்சும் வாங்கி வந்தேன். ஆள் நிமிர்ந்திருக்கும்வரை அது சும்மா இருக்கும். படுத்தவாக்கில் இருபது விநாடி கடந்தால் எதிர்வீட்டில் மணி அடிக்கும். எல்லாம் சேர்ந்து தீப்பெட்டி அளவுதான். எங்கே மாட்டுவது என்று யோசித்தபோது நைனாவின் அரைஞாண் கயிறு ஞாபகம் வந்தது. குளிக்கும்போதுகூடக் கழற்றாத ஒரே பொருள் அது. தண்ணீர் புகாமல் மெழுகு வைத்து அடைத்து, கயிற்றில் கோத்துக் கட்டிவிட்டேன். அதற்கு முன்பே எங்கள் வீட்டில் என் கணவரின் இடுப்பில் கட்டி, அவரைக் கட்டாந்தரையில் விழவைத்துச் சோதித்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் அடித்தது. அன்றைக்கு எனக்கு இருந்த கர்வத்தைச் சொல்லி மாளாது.

மணியின் மறுமுனையை எதிர்வீட்டு அக்காவின் சமையலறையில் வைத்தேன். அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்து ஓய்வு பெற்றவர். மகன் கேளம்பாக்கம் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. காலை ஏழு மணிக்குப் போனால் ராத்திரி ஒன்பதுக்குத்தான் வருவார். அக்கா பகலெல்லாம் வீட்டோடுதான். நைனா தூங்குகிற ராத்திரி நேரத்தில் மட்டும் மணியை அணைத்துவிடச் சொல்லியிருந்தேன். "நீ போம்மா, நான் பாத்துக்கறேன்," என்றார்.

அந்த வாரம் அவர் பட்ட பாட்டை அடுத்த ஞாயிறு அவர் வாயாலேயே கேட்டேன். மணி அடித்திருக்கிறது. அடுப்பில் தோசையை விட்டுவிட்டு ஓடியிருக்கிறார்.

"இன்னாண்ணே, வுழுந்துட்டியா?"

"இல்ல தங்கச்சி, சாப்ட்டுப் படுத்துகினு கீறேன்."

சாயங்காலம் மறுபடியும் மணி. கட்டிலுக்கடியில் போன செருப்பை நைனா குப்புறப் படுத்துத் தேடிக்கொண்டிருந்தார். மறுநாள் பேப்பரைத் தரையில் விரித்து, ஒருக்களித்துப் படுத்துப் படித்துக்கொண்டிருந்தார். அதற்கு அடுத்த நாள், வெயில் தாங்காமல் வெறும் சிமென்ட் தரையில் மல்லாந்திருந்தார்.

"அண்ணன் நல்லாத்தான் கீறாரு," என்றார் அக்கா. "எனக்குத்தான் ஓடி ஓடி மூச்சு வாங்குது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பத்திரிகையில் பார்த்த வீடுகளில் ஒரு கிழவர் தரையில் கிடக்கிறார் என்றால், விழுந்துவிட்டார் என்று அர்த்தம். எங்கள் வீடுகளில் சாப்பாடு முடிந்துவிட்டது என்று அர்த்தம். சோபாவும் கட்டிலும் இருக்கிற குடியிருப்பில் பத்து வருடம் இருந்ததில் என் மூளை அதை மறந்துவிட்டது. தரையில் பிறந்து தரையில் வளர்ந்தவள் நான். தரையில் படுத்தால் ஆபத்து என்று சொல்கிற கருவியைச் செய்திருக்கிறேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

தப்பை ஒத்துக்கொண்டு திருத்தியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக நைனாவைத் திருத்தப் பார்த்தேன். பகலில் படுக்கவே கூடாது, பேப்பரை நாற்காலியில் உட்கார்ந்துதான் படிக்க வேண்டும் என்று சட்டம் போட்டேன். "என் வூட்ல நான் படுக்க பர்மிசன் வாங்கணுமா?" என்றார். நான் பஸ் பிடித்துவிட்டேன்.

அதன் பிறகு மணி அடிக்கவே இல்லை. அக்கா போனில், "இப்ப ஒரு ரோதனையும் இல்லம்மா, நிம்மதியா கீது," என்றார். எனக்கும் நிம்மதி. மூன்று வாரம் கழித்துப் போனபோது, என் தீப்பெட்டிக் கருவி காலண்டர் ஆணியில் நிமிர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. நைனா தரையில் தூங்கிக்கொண்டிருந்தார்.

எழுப்பிச் சண்டை போட்டேன். இப்படியானால் இன்றைக்கே என்னோடு கிளம்புங்கள் என்றேன். அவர் எழுந்து உட்கார்ந்து, முறிந்து கூடிய மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார். கோபத்தில் ஆணியிலிருந்து பெட்டியை எடுத்துத் தரையில் படுக்கவைத்தேன். இருபது விநாடி, முப்பது விநாடி, ஒரு நிமிடம். எதிர்வீட்டில் சத்தமே இல்லை. திறந்து பார்த்தால் பேட்டரி எப்போதோ செத்திருந்தது.

என் கோபமெல்லாம் அங்கேயே இறங்கிவிட்டது. அவர் அதை ஒழுங்காக இடுப்பில் கட்டியிருந்து, மெய்யாகவே விழுந்திருந்தால்? அப்போதும் இதே அமைதிதான். அந்த அமைதியை நானும் அக்காவும் நிம்மதி என்று சொல்லிக்கொண்டிருந்தோம். எங்கள் தொழிலில் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுப்பது ஒன்று உண்டு. கருவி, 'எல்லாம் சரி' என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அது நின்றால், கம்பி அறுந்தாலும் சரி, கரன்ட் போனாலும் சரி, ஆபத்து என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பதினைந்து வருடமாக அதைச் சொல்லிக்கொடுத்தவள், சொந்த அப்பாவுக்குச் செய்யும்போது தலைகீழாகச் செய்து வைத்திருந்தேன்.

அன்றைக்கே கடைக்குப் போய் இரண்டு கட்டு ஒயரும், சாதாரண பேட்டரி மணி ஒன்றும், ஒரு பொத்தானும் வாங்கினேன். தெருவுக்கு மேலே கம்பியை இழுத்தேன். இனி நைனா விழுந்தால் மணி அடிக்காது. நன்றாக இருந்தால் அடிக்கும். காலை குளித்து முடித்ததும், பகல் பன்னிரண்டுக்கு, சாயங்காலம் விளக்குப் போட்டதும் அவர் பொத்தானை அமுக்க வேண்டும். பத்து நிமிடம் தாண்டியும் மணி வரவில்லையென்றால் அக்கா வந்து பார்க்க வேண்டும். மற்ற நேரத்தில் அவர் தரையில் படுக்கட்டும், உருளட்டும், அது அவர் இஷ்டம்.

நைனா பொத்தானை ஒரு தடவை அமுக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"பதிலு?"

"என்ன பதில்?"

"நான் அடிச்சேன். அங்க காதுல வுழுந்துச்சா இல்லியான்னு எனக்கு எப்டித் தெரியும்? கேட்ட மூட்டேன்னு நான் ஸ்டேஷனுக்குப் போன்ல நம்பர் சொன்னா, அவங்க எனக்கு நம்பர் சொல்லணும். சொல்லாங்காட்டி பேசுனதுக்கே அர்த்தம் இல்ல."

"அவங்க கேட்டா போதும் நைனா. நீங்க கேக்கத் தேவையில்ல."

"அப்ப எனக்கு வேணாம்."

எனக்கு எரிச்சலாக இருந்தது. இன்னொரு மணி, இன்னொரு பொத்தான், இன்னும் இரண்டு கம்பி. வேலை செய்கிற ஒரு அமைப்பில் வேண்டாத பாகத்தைச் சேர்ப்பது எங்கள் தொழிலில் பாவம். ஆனால் அவர் வேணாம் என்றால் வேணாம்தான். முணுமுணுத்துக்கொண்டே அதையும் மாட்டினேன். கடையில் மீதி இருந்தது குருவி மாதிரி கத்துகிற மணி ஒன்றுதான். நைனா அடித்தால் அங்கே டிங்டாங், அக்கா அடித்தால் இங்கே குருவி.

அது ஓடியது. வருடக்கணக்கில் ஓடியது. ஒரு மழைக்காலத்தில் காலை மணி வரவில்லை. அக்கா போய்ப் பார்த்தால் நைனா பின்பக்கம் பாசியில் சறுக்கி உட்கார்ந்தபடி இருந்தார். முட்டியில் சிராய்ப்பு, அவ்வளவுதான். பெட்டி படுக்கையைக் கட்டுங்கள் என்று நான் போய் நின்றபோது, அவர் வக்கீலாகிவிட்டார்.

"ஒப்பந்தம் இன்னா? வுழுந்து யாருக்கும் தெரியாம கெடந்தாத்தானே. பத்து நிமிசத்துல தெரிஞ்சிச்சே."

வாதத்தில் ஜெயித்தது அவர்தான். ஆனால் என் பயம் போகவில்லை. எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். நான் ஓய்வு பெற்ற பிறகு நகரியக் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும் என்பதால், நானும் கணவரும் நகரியத்துக்குப் பக்கத்திலேயே தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தோம். நைனாவுக்கு என்று அதில் ஓர் அறை. அடுத்த பொங்கலுக்குள் எப்படியாவது அழைத்து வந்துவிட வேண்டும் என்று மனதுக்குள் தேதியே குறித்துவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை.

அந்த வருடம் ஐப்பசியில், ஒரு பகல் பன்னிரண்டரைக்கு ஆபீஸில் எனக்குப் போன் வந்தது. நைனாவின் குரல். கேட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் பேசுகிற அதே குரல்.

"பன்னண்டு மணிக்கு அடிச்சேன். பதில் வரல. பன்னண்டு மூணுக்கு மறுக்கா அடிச்சேன். பதில் வரல. கம்பி நல்லாத்தான் கீது. நேர்ல போனேன்."

"நைனா, நீங்க எங்க விழுந்தீங்க? அடி எங்க பட்டுச்சு?"

"நான் வுழல. தங்கச்சி வுழுந்துட்டாங்க. தொடை எலும்பு போல கீது. ஆட்டோ வந்துகினு கீது. நீ பெரியாஸ்பத்திரிக்கு வந்துடு."

அக்கா துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் விழுந்திருந்தார். மகன் வர ராத்திரி ஒன்பதாகும். நைனா கைத்தடியோடு தெருவைத் தாண்டிப் போய், கொல்லைக் கதவு வழியாக நுழைந்து, அவரைத் தூக்கக் கூடாது என்று கண்டுகொண்டு, சைக்கிள் கடைக்காரரைக் கூவி அழைத்து, வீட்டுக்கு வந்து எனக்குப் போன் செய்துவிட்டு, திரும்பிப் போய் ஆட்டோ வரும்வரை வெயில் படாமல் அக்காவுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில்தான் எனக்கு அது தோன்றியது. இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட அக்காவிடம் உங்களுக்கு என்ன வயது என்று நான் கேட்டதில்லை. நன்றாக ஓடுகிறார், மணி அடித்தால் வருகிறார், அவ்வளவுதான் எனக்கு. ஆஸ்பத்திரிச் சீட்டில் பார்த்தேன். அறுபத்தெட்டு. பஸ்ஸில் வராத அழுகை அந்தச் சீட்டைப் பார்த்ததும் வந்தது.

ஆபரேஷன் நடந்து, வாக்கரைப் பிடித்து நாலு அடி நடக்க ஆரம்பித்ததும், வீட்டுக்கு அனுப்பும் பேச்சு வந்தது. அக்காவின் மகன் கேளம்பாக்கத்தில் ஒரு பிளாட் பார்த்திருப்பதாகவும், அம்மா இனிமேல் அங்கே வந்துவிட வேண்டும் என்றும் சொன்னார். மூன்றாவது மாடியாம், ஆனால் லிப்ட் உண்டாம். அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தத் தம்பியின் கண்ணில் இருந்த பயம் எனக்கு நன்றாகத் தெரிந்த பயம். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

நர்ஸ் ஒரு தாளோடு வந்தார். "வீட்ல பகல்ல கூட யார் இருப்பாங்க?"

மகன் தயங்கினார். "நான் ஒன்பது மணிக்குத்தான்..."

"நான் கீறேன்," என்றார் நைனா பெஞ்சிலிருந்து.

நர்ஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கைத்தடி, கனத்த கண்ணாடி, வெள்ளைத் தலை. பிறகு என்னைப் பார்த்தார். அக்காவின் மகனும் என்னைத்தான் பார்த்தார். முடியாது என்று நான் தலையை ஆட்டினால் போதும், இரண்டு வீடுகளுக்கும் பூட்டு விழுந்துவிடும். பொங்கல் என்று நான் குறித்து வைத்திருந்த தேதி அப்போதும் என் மனதில் இருந்தது.

"அவர் பாத்துப்பார்," என்றேன். "எழுதிக்கோங்க."

நர்ஸ் தாளில் நைனாவின் பெயரை எழுதினார். வயதைக் கேட்டார். எழுபத்தொன்பது என்றேன். பேனா ஒரு விநாடி நின்றது, பிறகு எழுதிவிட்டது. நைனா அதற்குள் எழுந்து போய், எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால், எது பின்னால் என்று அக்காவிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.